வெள்ளை மடிப்பு இருந்தால் நல்ல காளானா?

மழை விட்டதும் வாட்ஸ்அப்பில் மறுபடி சுற்றுகிறது: "குடைக்கு அடியில் மடிப்பு வெள்ளையாக இருந்தால் நல்ல காளான். சந்தேகமென்றால் பூண்டு போட்டு வேகவையுங்கள், கறுத்தால் விஷம்." இரண்டுமே தவறு.

உயிரைப் பறிக்கும் அமனிட்டா ஃபல்லாய்டிஸ் காளானுக்கும் வெள்ளை மடிப்புதான். அதன் நஞ்சு வேகவைத்தாலும் போகாது, பூண்டையும் கறுக்கவைக்காது. நம்மூர்ப் புல்வெளியில் முளைக்கும் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற விஷக்காளான் இன்னும் ஏமாற்றுக்காரன்: இளசில் மடிப்பு வெள்ளை, முற்றினால்தான் பச்சை. விரிந்த குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, டம்ளரால் மூடி ராத்திரி முழுக்க வைத்தால் பச்சைநிற வித்துத்தூள் படியும். நாம் சாப்பிடும் புற்றுக்காளான் என்றால் தூள் இளஞ்சிவப்பு. சரி, அதை மட்டும் நம்பிச் சமைக்கலாமா? கூடாது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத் தாவர நோயியல் துறையில் கேளுங்கள். அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.