தலைக்குள் தொங்கும் வேலைகளை எங்கே இறக்கி வைப்பது?

மனதை லேசாக வைத்துக்கொள்ளச் சொல்லி தினமும் பத்துப் பதிவுகள் கண்ணில் படுகின்றன. அதிகாலை நாலு மணிக்கு எழச் சொல்கிறார்கள், மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார்கள். மூச்சுப் பயிற்சி நல்லதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கண்ணை மூடி உட்கார்ந்த ரெண்டாவது நிமிடம் "எல்ஐசி பிரீமியம் கட்டினோமா?" என்று உள்ளே கேட்டால், அதற்கு மூச்சு பதில் சொல்லாது. எழுந்து போய் ரசீதைப் பார்க்க வேண்டும், அல்லது எப்போது பார்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

தலை கனப்பதற்கு வேலை நிறைய இருப்பது பெரிய காரணமில்லை என்பது என் உறுதியான கருத்து. எந்த வேலையைப் பற்றி இன்னும் ஒரு முடிவுக்கே வரவில்லையோ, அதுதான் கனக்கிறது. பட்டா மாறுதல், மாமனாரின் கண் பரிசோதனை, தங்கைக்கு "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்த பணம், பள்ளியில் கேட்ட சாதிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றும் பாதியில் நிற்கிறது. ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்திருக்க முடிவது ஏறக்குறைய நாலு விஷயங்கள்தான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் விளக்கினார். நாற்பதைத் தூக்கிக்கொண்டு அலைந்தால், கையில் இருக்கும் வேலைக்கு இடமே இருக்காது.

இதில் ஆராய்ச்சி சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முடிக்காத வேலைதான் அதிகம் நினைவில் நிற்கும் என்று பெர்லினில் உளவியலாளர் புளூமா ஸைகார்னிக் 1927இல் எழுதியதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பின்னால் வந்த பல சோதனைகளில் அது அப்படியே கிடைக்கவில்லை. அதே ஆய்வுக்கூடத்தில் மரியா ஓவ்சியாங்கினா 1928இல் கண்டது, பாதியில் நிறுத்திய வேலைக்கு மனிதர்கள் தாமாகவே திரும்பிப் போகிறார்கள் என்பது. இது இன்னும் வலுவாக நிற்கிறது. நமக்கு அதிகம் பயன்படுவது உளவியலாளர்கள் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு. முடியாத ஒரு இலக்கு, வேறு எதையோ படித்துக்கொண்டிருக்கும்போதும் குறுக்கே வந்து தொந்தரவு செய்தது. அதை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாக எழுதியதும் தொந்தரவு அடங்கிவிட்டது. வேலை முடியவே இல்லை, திட்டம் மட்டும்தான் போட்டார்கள்.

செய்முறைக்கு வருவோம். நாலு ஏ4 தாள், ஒரு பேனா, தொந்தரவில்லாத முப்பது நிமிடம். கைபேசி வேறு அறையில். வரிக்கு ஒன்றாக, மனதில் வருவதையெல்லாம் எழுதுங்கள். வரிசைப்படுத்தாதீர்கள், பெரியது சின்னது என்று பிரிக்காதீர்கள். குக்கர் கேஸ்கட்டும் மகளின் கல்லூரிச் சேர்க்கையும் அடுத்தடுத்து வரட்டும். பெரும்பாலானவர்களுக்கு முதல் ஏழெட்டு நிமிடம் மளமளவென்று வந்து, பிறகு வற்றிவிடும். அங்கேதான் எழுந்துவிடுகிறார்கள். எழுந்திருக்காதீர்கள். பணம், உடம்பு, காகிதங்கள், வீடு, அலுவலகம், கொடுத்த வாக்கு, வாங்கிய கடன், பேசாமல் இருக்கும் உறவு என்று ஒவ்வொரு தலைப்பாக நினைத்துப் பாருங்கள். தள்ளிப் போட்டு மறைத்து வைத்தவையெல்லாம் இந்த ரெண்டாம் சுற்றில்தான் வெளியே வரும்.

அடுத்த அரை மணி நேரம்தான் உண்மையான வேலை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அதற்காக உடம்பால் செய்ய வேண்டிய முதல் காரியத்தை எழுதுங்கள். "பட்டா" என்று எழுதினால் பாரம் இறங்காது. "சனிக்கிழமை காலை பத்து மணிக்கு பீரோவிலிருந்து கிரயப் பத்திரத்தை எடுத்து நகல் போடுவது" என்று எழுதினால் இறங்கும். "அப்பா உடம்பு" என்பது கவலை. "வியாழன் மாலை அண்ணனுக்குப் போன் செய்து, ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவது என்று கேட்பது" என்பது வேலை. ரெண்டு நிமிடத்தில் முடிவதாக இருந்தால் அங்கேயே முடித்து அடித்துவிடுங்கள். அடுத்தவர் பதிலுக்காக நிற்பவற்றைத் தனித் தாளில் எழுதுங்கள்: யாரிடம், எதை, எந்தத் தேதியில் கேட்டோம், மறுபடி எப்போது கேட்பது. மின்வாரியத்தில் பெயர் மாற்ற மனு கொடுத்துவிட்டு அதை மூன்று மாதம் தலையிலேயே வைத்திருப்பவர்கள் ஏராளம். ஒரு தேதி போதும்.

இப்படிச் செய்தும் சிலருக்குப் பயன்படாமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. பாதி டைரியில், பாதி வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிய செய்தியில், மீதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய காகிதத்தில் என்று சிதறிக் கிடந்தால் மனம் எதையும் நம்பாது. ஒரே இடம் வேண்டும். எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்காவிட்டாலும் நம்பாது, பழையபடி தானே சுமக்க ஆரம்பித்துவிடும். வாரம் ஒருமுறை நாற்பது நிமிடம் உட்கார்ந்து எல்லா வரிகளையும் படித்தே ஆக வேண்டும். இன்னொன்று, ஒரு நாளுக்கு இருபது வேலைகளை எழுதி வைப்பது. மாலையில் பதினாலு மிஞ்சும், அந்தத் தாளைப் பார்க்கவே பிடிக்காமல் போகும். ஒரு நாளுக்கு மூன்று போதும், மீதி பெரிய பட்டியலிலேயே இருக்கட்டும்.

அந்த மூன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது? பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் பார்த்து, மூன்று மாதம் இதைத் தொடாமல் விட்டால் திருத்த முடியாத நஷ்டம் எது என்று கேளுங்கள். மார்பில் தட்டுப்பட்ட கட்டியைக் காட்டாமல் விடுவது அந்த வகை. அபராத வட்டி ஏறும் கடனும் அப்படித்தான். பரணைச் சுத்தம் செய்வது அந்த வகையில்லை, அது கண்ணில் படுவதால் மட்டும் முந்திக்கொள்கிறது. முக்கியமான ஒன்றுக்கு உங்கள் உடம்பு தெளிவாக இருக்கும் நேரத்தைக் கொடுங்கள். களைத்துப் போன இரவு ஒன்பது மணியைக் கொடுத்துவிட்டு நடக்கவில்லை என்று வருந்தக் கூடாது.

விட வேண்டியதை வாய்விட்டுச் சொல்லி விடுங்கள். "இந்த வருஷம் சங்கப் பொறுப்பை என்னால் எடுக்க முடியாதுங்க" என்று இன்றே சொல்வது மரியாதைக் குறைவில்லை. ஆறு மாதம் இழுத்தடித்துவிட்டு நழுவுவதுதான் அவர்களுக்கும் கஷ்டம்.

வீடுகளில் இந்தப் பாரம் யார் தலையில் இருக்கிறது என்பதையும் பேசாமல் விட முடியாது. சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் அமெரிக்காவில் 35 தம்பதிகளிடம் பேசி 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வீட்டு வேலையில் மூளையால் செய்யும் பகுதியை அவர் நாலாகப் பிரிக்கிறார்: வரப்போவதை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கவனிப்பது. முடிவெடுப்பதில் பெரும்பாலும் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். முதலாவதும் கடைசியும் அதிகம் பெண்களிடமே இருந்தன. நம் வீடுகளில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. "என்ன வாங்கணும்னு சொல்லு, வாங்கிட்டு வர்றேன்" என்று நல்ல மனதோடு கேட்கும் கணவர், கால்வலியை மட்டும்தான் பங்கு போட்டுக்கொள்கிறார்.

பொறுப்பை மாற்றினால் முழுசாக மாற்றுங்கள். கேஸ் சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். எப்போது தீரும் என்று கணக்கு வைப்பது, பதிவு செய்வது, டெலிவரி அன்று கைபேசிக்கு வரும் எண்ணைச் சொல்வது, பணம் எடுத்து வைப்பது, சீல் சரியா என்று பார்ப்பது, மாட்டியபின் கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்ப்பது வரை அத்தனையும் ஒருவர் பொறுப்பு. மற்றவர் ஞாபகப்படுத்தக் கூடாது. ஒருமுறை தீர்ந்துபோய் இட்லி பாதியில் நின்றாலும் பரவாயில்லை. ஞாபகப்படுத்தும் வேலை உங்களிடமே இருந்தால் பாரமும் உங்களிடமே இருக்கும்.

அலுவலகத்தில் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது, பழையதன் எச்சம் கவனத்தில் ஒட்டிக்கொண்டே வருகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் காட்டினார். குறுக்கே யாராவது கூப்பிட்டால், எழுந்து போகும் முன் ஒரு நிமிடம் எடுத்து "எங்கே நிறுத்தினேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வது" என்று ரெண்டு வரி குறித்து வையுங்கள்.

இரவுக்கும் இதே முறைதான். தூக்கத்தை ஆராயும் மைக்கேல் ஸ்கல்லினின் குழு 2018இல் வெளியிட்ட சோதனையில் 57 இளைஞர்கள் பங்கேற்றார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. இதைத் தாளில் எழுதுங்கள். கைபேசியைத் திறந்தால் பட்டியலுக்குப் போகும் வழியிலேயே குரூப் செய்திகள் பிடித்துக்கொள்ளும்.

பட்டியலுக்கு அடங்காதவையும் உண்டு. இழப்பின் துக்கம், மகனின் எதிர்காலம் பற்றிய பயம், யாரோ சொன்ன ஒரு சொல். இவற்றுக்கு அடுத்த வேலை என்று எழுத எதுவும் இருக்காது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் முப்பது நிமிடம் கவலைப்படுவதற்கென்று ஒதுக்கி, மற்ற நேரத்தில் வரும் கவலையை அதற்குத் தள்ளிப்போடும் முறையை உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கின் குழு 1983இல் சோதித்துப் பார்த்தது. அந்த நேரம் படுக்கையிலோ, தூங்கப்போகும் முன்போ வேண்டாம், மாலை ஆறு மணி பொருத்தமானது. ஆனால் ரெண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் தாளும் பேனாவும் போதாது. மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.