கூட்டு மந்திரத்துக்கு வெறும் +2 போதாது

"நாங்க மூணு பேரும் சேர்ந்து ஒரே மந்திரத்தைப் போட்டா என்ன ஆகும்?" டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) போல பகடை உருட்டிக் கதை ஆடும் மேசை விளையாட்டுகளில் டிஎம்-ஆக, அதாவது ஆட்டத்தை நடத்துபவராக, உட்காரும் எவருக்கும் இந்தக் கேள்வி வரும். யாகமும் கூட்டு வழிபாடும் பார்த்து வளர்ந்த நம்ம கேஎல் (கோலாலம்பூர்) பிள்ளைகள் மேசையில் சீக்கிரமே வரும். பெரும்பாலும் "சரி, டிசி-க்கு +2" என்று, அதாவது மந்திரத்திலிருந்து தப்ப எதிரி பகடையில் எட்ட வேண்டிய எண்ணில் 2 கூட்டிச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது போதாது. துணைக்கு நிற்பவருக்குச் சொந்தமாக ஒரு வேலை வேண்டும், இழப்பதற்கும் ஏதாவது வேண்டும். இல்லாவிட்டால் ஒருத்தர் ஆட, மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

டி அண்ட் டி-யின் 3.5 பதிப்பில் ரெட் விசார்ட் என்ற மந்திரவாதிகள் சேர்ந்து நிற்கும் வட்டம் இருந்தது. ஒரு மணி நேரச் சடங்கு. ஒவ்வொருவரும் தயார் செய்து வைத்த ஒரு ஸ்பெல்லை (மந்திரத்தை) கொடுப்பார்கள், அந்த லெவல்களின் கூட்டுத்தொகை தலைவருக்குப் போகும். படிக்க அருமை. ஆனால் சுற்றி நிற்பவர் எடுக்கும் முடிவு எந்த ஸ்பெல்லைத் தியாகம் செய்வது என்பது மட்டுமே.

பாத்ஃபைண்டர் 2 என்ற இன்னொரு ஆட்டம் இதை ஒழுங்காக யோசித்திருக்கிறது. செத்தவரை எழுப்பும் 'ரிசரெக்ட்' சடங்கை எடுத்துக்கொள்ளுங்கள்: 5-ஆம் ரேங்க், ஒரு முழு நாள், இரண்டு துணைவர்கள். தலைவர் ரிலிஜன் திறனில் பகடை உருட்ட, துணைவர்களில் ஒருவர் மெடிசின், இன்னொருவர் சொசைட்டி. துணைவர் கிரிட்டிக்கல் சக்சஸ் (மிகப் பெரிய வெற்றி) எடுத்தால் தலைவருக்கு +2. சாதாரண வெற்றிக்கு ஒன்றும் இல்லை. தோற்றால் -4. கிரிட்டிக்கலாகத் தோற்றால் -4 போக, தலைவரின் முடிவே ஒரு படி இறங்கும். மந்திரமே தெரியாத ஃபைட்டர்கூட மெடிசின் கற்றிருந்தால் உள்ளே வரலாம், அவர் பகடை உருளும்போது மேசையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இருவரும் தோற்றாலும் -4 ஒருமுறைதான். ஒரே வகை பெனால்ட்டி ஒன்றோடொன்று சேராது. இதைத் தவறவிட்டு -8 போடும் டிஎம்-கள் உண்டு.

கர்ப்ஸ் என்ற ஆட்டம் கூட்டத்தையே கணக்கில் சேர்க்கிறது. மந்திரம் தெரியாமல் கோஷம் போட்டு ஆதரிக்கும் ஒவ்வொருவரும் 1 சக்தி, மொத்தம் 100 வரை. எதிர்ப்பவர் ஒருவர் இருந்தால் 5 குறையும். பத்துமலையில் காவடியைச் சுற்றி "வேல் வேல்" என்று முழங்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியை விளக்கவே வேண்டாம்.

டி அண்ட் டி 5-ஆம் பதிப்பு ஆடுபவர்களுக்கு என் பரிந்துரை இது. முதலில், டேமேஜை (எதிரிக்கு விழும் சேதத்தை) ஏற்றவே வேண்டாம். ரெண்டு பேர் தனித்தனியாக ஃபயர்பால் (நெருப்புக் குண்டு) போட்டாலே 16டி6, அதாவது 16 ஆறுமுகப் பகடை, சராசரி 56. கூட்டு மந்திரம் தர வேண்டியது தனியாகக் கிடைக்காதது: தூரம், நேரம், டிசி.

துணைவர் தன் டர்னில் ஆக்‌ஷனையும், தலைவரின் ஸ்பெல்லில் பாதி லெவலுக்குக் குறையாத ஒரு ஸ்லாட்டையும் (மந்திரம் போடச் செலவழிக்கும் ஒதுக்கீடு) கொடுக்கிறார். ஆர்க்கானா, ரிலிஜன், நேச்சர் என்று ஆளுக்கொரு திறனில் 10 + ஸ்பெல் லெவலுக்கு எதிராக உருட்டுகிறார். ஜெயித்தால் தூரம் இரட்டிப்பு, நேரம் இரட்டிப்பு, டிசி +1, இவற்றில் ஒன்று. தோற்றால் ஸ்லாட் போச்சு.

டிசி-யை +2-க்கு மேல் விடாதீர்கள். எதிரியை அசையாமல் கட்டிப்போடும் ஹோல்ட் மான்ஸ்டரில் டிசி 15, எதிரியின் சேவ் (தப்பிக்க உருட்டும் பகடையில் கூடும் எண்) +5 என்றால் தோற்கும் வாய்ப்பு 45%. அது தொடர்ந்து ரெண்டு சேவிலும் கட்டுண்டு கிடக்க 20% வாய்ப்பு. டிசி 17-இல் இது 30%, டிசி 19-இல் 42%. டிஎம் தயார் செய்த பாஸ் சண்டை ரெண்டே ரவுண்டில் முடிந்துவிடும்.

ரெடி ஆக்‌ஷனைப் பயன்படுத்தச் சொல்லாதீர்கள். அதில் ஸ்பெல்லைத் தயார் செய்து பிறகு விடலாம், ஆனால் அப்படிப் பிடித்து வைக்கவே கான்சன்ட்ரேஷன் (ஒரு நேரத்தில் ஒரு ஸ்பெல்லுக்கு மட்டும் கொடுக்கக்கூடிய மன ஒருமை) வேண்டும். ஏற்கனவே ஓடும் பிளெஸ் போன்ற ஸ்பெல் அறுந்துபோகும். அதற்குப் பதில், துணைவர் கொடுத்தது தலைவரின் அடுத்த டர்ன் முடியும்வரை நிற்கட்டும். அதற்குள் துணைவர் அடிபட்டால் கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) சேவ். தோற்றால் அவர் பங்கு மட்டும் கழியும்.

எதிரி நம் மந்திரத்தைத் தடுக்கும் கவுன்டர்ஸ்பெல் போட்டால்? 5-ஆம் பதிப்பின் 2024 விதியில் தடுக்கப்பட்டவரின் ஸ்லாட் செலவாகாது. அதே சலுகையைத் துணைவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை வட்டத்தில் சேர ஆள் கிடைக்காது.