குவாலிஃபையிங்கை விட்டுவிடுங்கள், பாயின்ட் முறையை மாற்றுங்கள்

ஃபார்முலா 1-இல் விதி மாற்றம் என்று பேச்சு எழுந்தாலே முதலில் கை வைப்பது, பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்யும் குவாலிஃபையிங்கில்தான். ரிவர்ஸ் கிரிட் பேச்சு 2025-இலும் வந்தது. வேகமானவர்களைப் பின்வரிசையில் நிறுத்திவிட்டு ஸ்பிரின்ட் எனும் குட்டிப் பந்தயத்தைத் தொடங்கலாமே என்கிறார்கள். ஃபார்முலா 2-இல் இது நடக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அங்கே எல்லோருக்கும் ஒரே கார். ஃபார்முலா 1-இல் ஒவ்வொரு அணியும் தன் காரைத் தானே வடிவமைத்து, உழைத்து வேகம் தேடுகிறது. தேடிக் கண்டுபிடித்தவனைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?

2016 மெல்போர்ன் நினைவிருக்கிறதா? குவாலிஃபையிங்கில் 90 விநாடிக்கு ஒருவரை வெளியேற்றும் முறையைக் கொண்டுவந்தார்கள். கடைசி நொடி வரை பரபரப்பு என்று சொன்னார்கள். நடந்ததோ நேர் எதிர். டயரை மிச்சம் பிடிக்க எல்லோரும் கராஜுக்குள் போய்விட்டார்கள். போல் பொசிஷன் (பந்தயம் தொடங்கும்போது முதல் இடம்) முடிவாக வேண்டிய கடைசி நிமிடங்களில் தடத்தில் ஒரு கார்கூட இல்லை! பஹ்ரைனிலும் அதே கூத்து. மூன்றாவது பந்தயத்திலேயே பழைய முறைக்குத் திரும்பினார்கள். 2006-இல் வந்த அந்த மூன்று கட்ட முறை இன்றும் நன்றாகத்தான் ஓடுகிறது. அதில் என்ன குறை கண்டார்கள்?

உண்மையான குறை பாயின்ட் பட்டியலின் அடியில் இருக்கிறது. முதல் 10 இடங்களுக்கு மட்டும்தான் பாயின்ட், 11-ஆவதுக்கு ஒன்றுமில்லை. அதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

2012-இன் கடைசிப் பந்தயம், பிரேசில், இன்டர்லாகோஸ். மழை. உலகமே வெட்டல், அலோன்சோ சாம்பியன்ஷிப் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்டல் 3 பாயின்ட் வித்தியாசத்தில் சாம்பியனானார். அதே தடத்தில், பின்னால் இன்னொரு சண்டை. கேட்டர்ஹாம், மாருசியா என்ற இரண்டு சின்ன அணிகளும் அந்த வருடம் முழுக்க பூஜ்யம். பூஜ்யத்தில் சமன் என்றால் யாருடைய சிறந்த இடம் மேலே என்று பார்ப்பார்கள். சிங்கப்பூரில் அதன் ஓட்டுநர் கிளாக் வாங்கிய 12-ஆவது இடத்தால் மாருசியா முன்னால் இருந்தது. முடிவு நெருங்கும் நேரத்தில் கேட்டர்ஹாமின் பெட்ரோவ், மாருசியாவின் பிக்கை முந்தி 11-ஆவதாக வந்தார். அந்த ஓர் இடத்தால் அணிகள் பட்டியலில் கேட்டர்ஹாம் 10-ஆவது. அந்த இடத்துக்கான பரிசுப் பணம் சின்ன அணிக்கு உயிர்மூச்சு. ஆனால் பாயின்ட் பட்டியலில் பெட்ரோவின் அந்த ஓட்டத்துக்கு மதிப்பு, சுத்தமாக ஒன்றுமில்லை.

(நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஹெச்ஆர்டி அணிக்காக ஓட்டிய கடைசிப் பந்தயமும் அதுதான். அந்த அணி ஒரு பாயின்ட்கூட வாங்காமலேயே மூடப்பட்டது.)

2014 ஆஸ்திரேலியாவிலும் இதே கதை. சாபர் அணியின் கார்கள் இரண்டும் 11, 12-ஆவது இடங்களில் முடித்தன. கையில் ஒன்றுமில்லை. அந்த சீசன் முழுவதுமே சாபருக்குப் பூஜ்யம்தான். மொனாக்கோவில் ஒரே ஒரு நாள் ஓட்டுநர் பியான்கி 9-ஆவது வந்து வாங்கிய 2 பாயின்ட்டில் மாருசியா அவர்களைத் தாண்டியது. பியான்கியின் ஓட்டம் அபாரம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு வருட உழைப்பை ஒரே ஒரு பந்தயம் முடிவு செய்வது சரியான அளவுகோல் இல்லை.

12-ஆவது இடம் வரை பாயின்ட் தரும் யோசனை 2024-இல் பேசப்பட்டு, நிறைவேறாமல் போனது. முதல் 7 இடங்களுக்கு மாற்றமில்லை, 8-ஆவதிலிருந்து 5, 4, 3, 2, 1. இதைவிட எளிமையான திருத்தம் என்ன வேண்டும்? "பாயின்ட்டின் மதிப்பு குறைந்துவிடும்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் 6 பேருக்கு மட்டும் பாயின்ட் கொடுத்த காலத்தில் பாதி கார்கள் பாதி வழியிலேயே புகை கக்கி நின்றுவிடும். 1996 மொனாக்கோவில் கடைசிவரை ஓடி கோட்டைத் தொட்டவை மூன்றே கார்கள். இன்று கார்கள் அப்படி நிற்பதில்லை. 11-ஆவதாக வருபவர் ஒரு பெரிய கூட்டத்தையே தோற்கடித்துத்தான் வருகிறார்.

பந்தயத்தின் மிக வேகமான லேப்புக்கு (தடத்தின் ஒரு முழுச் சுற்று) ஒரு பாயின்ட் என்ற விதியை 2025-இல் நீக்கியது மட்டும் நல்ல காரியம். 2024 சிங்கப்பூரில் கடைசியில் ஓடிக்கொண்டிருந்த ரிக்கார்டோ புது டயர் மாட்டி வேகமான லேப்பைப் போட்டார். முதல் பத்துக்கு வெளியே இருந்ததால் அவருக்கும் பாயின்ட் இல்லை, ஜெயித்த நாரிஸுக்கும் அது போயிற்று. ரிக்கார்டோ ஓட்டியது ரெட் புல்லின் சகோதர அணிக்கு, லாபம் நாரிஸுடன் சாம்பியன்ஷிப்புக்குப் போட்டியிட்ட ரெட் புல்லின் வெர்ஸ்டாப்பனுக்கு.

பைக் பந்தயமான மோட்டோஜிபியில் 15-ஆவது இடம் வரை பாயின்ட் உண்டு. அங்கே ஜெயிப்பவரின் மதிப்பு குறைந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 2026-இல் கேடிலாக் சேர்ந்து 11 அணி, 22 கார் என்றான பிறகும் 10 பேருக்கு மட்டும்தான் பாயின்ட் என்று பிடிவாதம் பிடிப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.