ஊசியைக் கழித்துவிட்டுப் பேசுவோம்

கோலாலம்பூரில் மெர்டேக்கா 118 என்ற புதுக் கோபுரம் வந்ததும் அங்கேயே இருக்கிற பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் பழசாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உயரக் கணக்கு சரிதான், மெர்டேக்கா 678.9 மீட்டர், பெட்ரோனாஸ் 452தான். ஆனால் அந்த 678.9-ல் ஏறக்குறைய 160 மீட்டர் உச்சி ஊசி, அதாவது எங்கள் கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை (பீடத்தோடு 133 அடி) நாலு அடுக்கு வைத்தால் வருகிற உயரம், அதில் ஒரு ஆள் உட்கார இடம் கிடையாது. பெட்ரோனாஸும் யோக்கியமில்லை, 1998-ல் சிகாகோவின் சியர்ஸ் கோபுரத்தை முந்தியதே ஊசியைச் சேர்த்துத்தான்.

நான் தக்கலைப் பக்கம் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன். அத்தானைப் பார்க்கக் கோலாலம்பூர் போனபோது இரண்டையும் பார்த்தேன். பெட்ரோனாஸின் 41, 42-வது மாடிகளில் இருக்கிற பாலத்தைக் கோபுரங்களோடு இறுக்கிப் பிணைக்கவே இல்லை. காற்றில் கோபுரங்கள் ஆடும்போது நகர்ந்து கொடுக்க விட்டிருக்கிறார்கள், கீழே 29-வது மாடியிலிருந்து சாய்ந்து வரும் கால்கள் தாங்குகின்றன. அப்புறம் அந்தக் கான்கிரீட், எம்80 தரம் வரை போட்டிருக்கிறார்கள் (எண் கூடினால் கான்கிரீட்டின் வலுவும் கூடும்). இங்கே எம்20-க்கே வீட்டுக்காரர் "சிமென்ட் கூடுதலா போகுதே" என்று பக்கத்திலேயே நிற்பார்!

மெர்டேக்கா? 1957-ல் சுதந்திரத்தை அறிவித்தபோது அந்நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் கை உயர்த்தி நின்ற தோற்றம் என்கிறார்கள். தூரத்திலிருந்து அழகுதான். பக்கத்துப் பெட்டாலிங் தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தபோது எனக்குக் கண்ணாடிதான் தெரிந்தது, கழுத்தும் வலித்தது.