தங்கத்தைவிடப் பெரியது

இங்கிலாந்தின் ஹாக்ஸன் என்னும் ஊரில் கிடைத்த புதையலைப் பற்றி நான் படித்த கட்டுரை 500-க்கும் மேற்பட்ட ரோமானியத் தங்க நாணயங்களையும் அவற்றின் விலையையும் விரிவாகச் சொல்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கண்டெடுத்தவரின் நிதானம்.

1992 நவம்பரில், இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், விவசாயியான நண்பர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடித்தான் அந்த ஓய்வுபெற்ற தோட்டக்காரர் உலோகம் காட்டும் கருவியுடன் போனார். நாணயங்கள் கொத்துக் கொத்தாக வரத் தொடங்கியதும், மீதியைத் தோண்டாமல் அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார். மறுநாளே தொல்லியல் ஆய்வாளர்கள் வந்தார்கள். அவர் பொறுமை காத்ததால்தான் எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் சிறு பெட்டிகளில் அடுக்கிவைக்கப்பட்டிருந்தது என்பதே தெரியவந்தது. ஆசைப்பட்டு வாரிப் போட்டிருந்தால் வெறும் காசுக்குவியல்தான் மிஞ்சியிருக்கும். அந்தச் சுத்தியலும் கிடைத்தது. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தப் பெட்டியில் நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்களும் இருந்தன. ஒன்று பெண்ணின் மார்பளவுச் சிலை வடிவம், ஒரு சாண்கூட உயரமில்லை. அடியிலுள்ள தட்டைத் திருகினால் மிளகு நிரப்ப ஒரு நிலை, தூவ ஒரு நிலை, மூட ஒரு நிலை. பண்டைய முசிறி வழியாகக் கப்பலேறிய நம் மேற்குக் கடற்கரை மிளகுக்காக, ரோமானியர் இத்தனை நுணுக்கமாக ஒரு பாத்திரம் செய்திருக்கிறார்கள்! கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.