பள்ளத்தோரத்துப் பட்டாவும் 15 மீட்டரும்

"என் பட்டா நிலத்தில் நான் மண்ணைக் கொட்டுவேன், மட்டம் பண்ணுவேன். அதைக் கேட்க நீங்கள் யார்?" கோவை, திருப்பூர் பக்கம் பள்ளத்தை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒரு தடவையாவது இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். (ஓடையை எங்கள் ஊர்ப்பக்கம் பள்ளம் என்போம்.) இப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலானவர்கள் கெட்டவர்கள் இல்லை. பட்டா இருந்தால் எல்லாம் நம் இஷ்டம் என்று உண்மையாகவே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்குச் சட்டத்திலேயே இடமில்லை என்பதால்தான் இந்த நீண்ட பதிவு.

1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் 7ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஓர் இயற்கை ஓடை தனக்கென்று உள்ள தடத்தில் என் நிலத்தைத் தொட்டோ அதன் ஊடாகவோ போகிறது என்றால், அந்தத் தண்ணீர் தடையில்லாமல் எனக்கு வந்து சேர வேண்டும். அதன் அளவு, திசை, வேகம் எதையும் மேலே இருப்பவர் பெரிய அளவில் மாற்றக்கூடாது. இதை நான் யாரிடமும் எழுதி வாங்க வேண்டியதில்லை. நிலத்தோடு சேர்ந்தே வருகிற உரிமை. ஆக, மேல்தோட்டக்காரரின் பட்டாவுக்கு எவ்வளவு வலு உண்டோ, அதே வலு கீழ்த்தோட்டக்காரரின் பட்டாவுக்கும் உண்டு. "தனியார் சொத்துரிமை" என்று பேசும்போது நாம் எப்போதும் மேலே இருப்பவரின் சொத்தை மட்டுமே நினைத்துக்கொள்கிறோம்.

சரி, பிறகு ஏன் எந்தப் பள்ளமும் தப்பவில்லை?

நம்மிடம் உள்ள சட்டங்கள் பள்ளத்தின் படுகையைப் பார்க்கின்றன, கரையைப் பார்ப்பதில்லை. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், தனியாருக்கு உரிமையுள்ள இடங்களைத் தவிர்த்து, ஆறு, ஓடை, ஏரிகளின் படுகை அரசாங்கச் சொத்து என்கிறது. 2005இல் ஓடைப் புறம்போக்கு பற்றிய ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், மாநிலம் முழுக்க உள்ள நீர்நிலைகளைக் கண்டறிந்து பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதுவும் வருவாய்ப் பதிவேட்டில் நீர்நிலை என்று வகைப்படுத்தப்பட்டவற்றைப் பற்றித்தான் பேசுகிறது. பதிவேட்டில் ஓடை என்று ஏறாமல், பட்டாவுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும் சின்னப் பள்ளங்கள் எத்தனை! மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் போகும் என்பதால் அதைப் பள்ளமாகவே யாரும் மதிப்பதில்லை. குருடிமலைப் பக்கம் தொடங்கி வஞ்சிபாளையம் அருகே நொய்யலில் சேரும் கௌசிகா நதிக்கே இந்தக் கதி என்றால், அதில் வந்து சேரும் பெயரில்லாப் பள்ளங்களை யார் கணக்கெடுப்பார்கள்?

கரைக்கு என்று இருப்பது கட்டட விதியில் ஒரே ஒரு இடம். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், நீர்நிலைக்கும் புதிய கட்டுமானத்துக்கும் நடுவே அதிகபட்சம் 15 மீட்டர் வரை இடம் விடச் சொல்லும் அதிகாரத்தை அனுமதி தரும் அதிகாரியிடம் கொடுத்திருக்கிறது. கவனியுங்கள், "வரை". குறைந்தபட்சம் இவ்வளவு விட்டே ஆக வேண்டும் என்று இல்லை. அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. இந்த விதி, கட்டட அனுமதி கேட்டு ஒருவர் விண்ணப்பிக்கும்போதுதான் கண் விழிக்கிறது. அதற்கு முன்பே நிலத்தை மட்டம் பண்ணியிருப்பார்கள். கரையிலிருந்த மரம் போயிருக்கும், பள்ளத்தில் பாதி மூடியிருக்கும். பிறகு மனைப்பிரிவுக்கு விண்ணப்பம் போகும்போது, இடத்தைப் பார்க்க வருகிற அதிகாரியின் கண்ணுக்குப் பள்ளம் என்று ஒன்று தெரியவே தெரியாது.

எங்கள் தோட்டத்துக்கு மேலே இதுதான் நடந்தது. கைமாறிய ஒரு நிலத்தில் பொக்லைன் இறங்கி, கரையிலிருந்த நீர்மருதையும் புங்கனையும் வேரோடு எடுத்து, செம்மண் கொட்டி மேடாக்கினார்கள். புகார் கொடுக்கப் போனபோது அலுவலகத்தில் கிடைத்த பதில், "கட்டடம் எதுவும் கட்டவில்லையே, பட்டா நிலத்தில் மண் கொட்டுவதை நாங்கள் எப்படித் தடுப்பது?" அளந்து பார்க்கச் சர்வேயர் வருவதற்குள் மழை வந்துவிட்டது. நெருக்கப்பட்ட தண்ணீர் எதிர்க்கரையை அறுத்துக்கொண்டு எங்கள் மக்காச்சோளத்துக்குள் புகுந்தது. பக்கத்துத் தோட்டத்து அண்ணனின் கிணற்றில் வண்டல் இறங்கியது. பயிர் அடுத்த பட்டத்தில் வந்துவிடும். அறுத்துக்கொண்டு போன மேல்மண் வராது. அந்த அண்ணன் யாரிடமும் சண்டைக்குப் போகிறவர் இல்லை. கடன் வாங்கிக் கிணற்றைத் தூர் வாரினார். மேலே ஒருவருக்குக் கிடைத்த மனை லாபத்தின் செலவைக் கீழே இவர் கட்டினார். இதை நான் மறக்கத் தயாராக இல்லை.

கரையோரப் பட்டை (கரையை ஒட்டிப் புல்லும் மரமுமாக விட்டுவைக்கும் நீளத் துண்டு நிலம்) என்பது அழகுக்காக விடும் இடம் இல்லை. விவசாயக் காட்டிலிருந்து வரும் மழைத்தண்ணீர் புல்லிலும் புதரிலும் பட்டு வேகம் குறைகிறது, சுமந்துவந்த மண்ணை அங்கேயே இறக்குகிறது. நாம் போட்ட யூரியாவில் கரைந்துவரும் நைட்ரஜனில் ஒரு பகுதியை வேர்கள் பிடித்துக்கொள்கின்றன. நாணலும் வெட்டிவேரும் நொச்சியும் கரையைக் கட்டிப் பிடிக்கின்றன. வெள்ளம் வந்தால் கொஞ்சம் விரிந்து படுக்க அதற்கு இடம் கிடைக்கிறது. நிழல் இருப்பதால் கோடையிலும் அங்கங்கே குட்டைகளில் தண்ணீர் நிற்கிறது. பட்டை போனால், கான்கிரீட் தடுப்புச் சுவர் கட்ட டெண்டர் விட வேண்டியதுதான்.

கரையோரம் இடம் விடுவதைத் தாமதமாக அமல்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பெங்களூரு இருக்கிறது. அங்கே மாஸ்டர் பிளானில் ராஜகால்வாய்களுக்கு (மழைநீர்க் கால்வாய்கள்) தரவாரியாக 50, 25, 15 மீட்டர் என்று இடம் ஒதுக்கியிருந்தார்கள். 2016 மே மாதம் பசுமைத் தீர்ப்பாயம் அதைக் கூட்டி உத்தரவிட்டது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நடுவே 2016 ஆகஸ்டில் கால்வாய்மேல் இருப்பதாகச் சொல்லி வீடுகளை இடித்தார்கள். அந்த வீட்டுக்காரர்கள் பலரிடம் பதிவுப் பத்திரம் இருந்தது, வங்கிக் கடனும் இருந்தது. ஓய்வுப் பணத்தைப் போட்டு வாங்கியவர்கள் தெருவில் நின்று அழுததை நாடே பார்த்தது. அவ்வளவுக்குப் பிறகும் 2022 செப்டம்பரில் நகரத்தின் கிழக்குப் பகுதி மூழ்கி, டிராக்டரில் ஏறி ஐ.டி. ஊழியர்கள் வேலைக்குப் போனார்கள். இருபது வருடம் கண்ணை மூடிக்கொண்டு ஒரே நாளில் புல்டோசரை அனுப்புவதை நான் அமலாக்கம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். விற்றவரும் கையெழுத்துப் போட்டவரும் வெளியே நிற்க, கடைசியாக வாங்கியவர் மட்டும் தண்டனை அனுபவிப்பது அது.

வேறு மாதிரியும் செய்யலாம். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் 2015இல் ஒரு சட்டம் போட்டது. பொது நீர்நிலைகளின் ஓரத்தில் சராசரியாக 50 அடி, குறைந்தது 30 அடி, பொது வடிகால்களின் ஓரத்தில் 16.5 அடி நிரந்தரமாகப் புல்லோ மரமோ இருக்க வேண்டும். இது தனியார் விவசாய நிலத்துக்கு என்று போட்ட விதி. விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு தனியார் வடிகால்களை விட்டுவிட்டார்கள். எந்த ஓடைக்கு எவ்வளவு என்று வரைபடம் வெளியிட்டார்கள். ஓடைகளுக்கு 2017 நவம்பர், வடிகால்களுக்கு 2018 நவம்பர் என்று கெடு வைத்தார்கள். பட்டையில் வளரும் புல்லை அறுத்துக்கொள்ளலாம், மாடு மேய்க்கலாம். அதே பலன் தரும் வேறு வழி இருந்தால் அதையும் ஏற்றார்கள். மீறியவருக்கு முதலில் எதைத் திருத்த வேண்டும் என்று நோட்டீஸ், திருத்த அவகாசம், அதற்கும் மசியாவிட்டால்தான் அபராதம். பெரும்பாலானவர்கள் அபராதம் வரைக்கும் போகாமலே செய்துவிட்டார்கள்.

50 அடி என்பது நம் 15 மீட்டர்தான். அங்கே சோளக்காட்டுக்கு அது பொருந்துகிறது. இங்கே மனைக்கு மட்டும், அதுவும் அதிகாரி மனது வைத்தால்.

அதை அப்படியே இங்கே கொண்டுவா என்று நான் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளத்தை ஒட்டி 100 மீட்டர் நீளம் உள்ள தோட்டத்தில் 15 மீட்டர் விட்டால் ஏறக்குறைய 37 சென்ட் போகும். ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது நாலில் ஒரு பங்கு. எந்த முகத்தோடு அவரிடம் கேட்பது? அதையே 5 மீட்டராக வைத்தால் 12 சென்ட் அளவுதான். அதிலும் உழக்கூடாது, மண் கொட்டக்கூடாது, பூச்சிமருந்து அடிக்கக்கூடாது என்ற மூன்று தடை போதும். தீவனப்புல் போடட்டும், மூங்கில் வைக்கட்டும், புங்கங்காய் பொறுக்கட்டும். காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டில் (மேய்ச்சல் நிலம்) கொழுக்கட்டைப்புல்லையும் வெள்வேலத்தையும் தலைமுறை தலைமுறையாக வளரவிட்டு, கிளுவை வேலி போட்டு மாடு வளர்த்தவர்கள்தானே நாம்? புல்லாக விட்ட நிலம் வீண் நிலம் என்று நம் பாட்டன்மார் நினைக்கவில்லை. சிறு விவசாயிக்கு அந்த 12 சென்ட்டுக்கு வருடாவருடம் ஒரு தொகையை அரசு கொடுக்கட்டும். தடுப்புச் சுவருக்கு ஆகும் செலவைப் பார்த்தால் அது பெரிய பணமே இல்லை.

மனைப்பிரிவுக்கும் தொழிற்சாலைக்கும் மட்டும் 15 மீட்டர் கட்டாயம் என்று இருக்கட்டும், "வரை" என்ற சொல்லை எடுத்துவிட்டு. விண்ணப்பம் வரும் வரைக்கும் காத்திருக்காமல், பள்ளத்தோரம் மண் கொட்டவும் மட்டம் பண்ணவும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்று கொண்டுவர வேண்டும். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட அவசரமானது இதுதான்.

இன்னொன்று மனதை அறுக்கிறது. நீர்நிலை மீட்பு என்று கிளம்பினால் முதலில் போவது குடிசைதான். சென்னையில் அடையாறு, கூவம் கரைகளில் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. அதே நீரோட்டத்தை ஒட்டிக் கட்டிய அடுக்குமாடிக்கு வரன்முறைப்படுத்தும் கோப்பு நகர்கிறது. பெரிய நிலத்தில் ஆரம்பிக்காத எந்த அமலாக்கத்தையும் ஊர் நம்பாது, நம்பவும் கூடாது.

பள்ளத்தோரம் இடம் வாங்கப்போகும் நண்பர்கள், தமிழ்நாடு அரசின் இ-சேவை நில ஆவணத் தளத்தில் அந்தச் சர்வே எண்ணின் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்ப் பதிவேடு) எடுத்துப் பாருங்கள். பக்கத்துச் சர்வே எண்களையும் சேர்த்துப் பாருங்கள். மேலேயும் கீழேயும் ஓடை என்று இருந்து நடுவில் மட்டும் இல்லை என்றால், அங்கே அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஊரில் இருப்பவர்கள் மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில், நம் ஊர்ப் பள்ளங்களை அளந்து இரண்டு கரையிலும் கல் நட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். பட்டாவுக்குள் ஓடும் பள்ளத்தின் பெயரையும் அதில் எழுதச் சொல்லுங்கள். தீர்மான வாசகம் வேண்டுமென்றால் கேளுங்கள், எங்கள் ஊருக்காக எழுதி வைத்திருப்பதை அனுப்புகிறேன்.