ஸ்வின்னி நேராக வந்தவர் அல்ல

"டாபோ ஸ்வின்னி கட்டட வணிகத்தில் இருந்து நேராக கிளெம்சன் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்" என்பது தவறு. மனம் பொறுக்காமல் எழுதுகிறேன். அலபாமா பல்கலைக்கழக அணியில் 1993 முதல் பயிற்சி உதவியாளராகவும், பின்னர் வைடு ரிசீவர்களின் (வீசப்படும் பந்தை ஓடிப் பிடிக்கும் ஆட்டக்காரர்களின்) பயிற்சியாளராகவும் உழைத்தவர். 2000 பருவம் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளரின் குழுவோடு சேர்த்து அவரும் வெளியேற்றப்பட்டார். உதவிப் பயிற்சியாளர்களின் பிழைப்பு அப்படித்தான். அதன்பின் சுமார் இரண்டு ஆண்டுகளே அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் வணிக வளாகத் தொழில். 2003இல் கிளெம்சனில் மறுபடியும் உதவிப் பயிற்சியாளர். 2008 அக்டோபர் 13இல், பருவத்தின் நடுவில் தலைமைப் பயிற்சியாளர் டாமி பவுடன் விலகியதும் இடைக்காலப் பொறுப்பு கிடைத்தது. உண்மையில் வியப்பு, ஒருங்கிணைப்பாளர் (அணியின் தாக்குதல் அல்லது தடுப்பு ஆட்டத்தை நடத்தும் மூத்த உதவியாளர்) பதவியே வகிக்காமல் தலைமைக்கு உயர்ந்ததுதான்.